குழந்தை பிறந்த வீடும் இரண்டு நாய்களும்

என் தங்கச்சிக்குக் கலியாணம் முடித்து ஏழு வருடங்களுக்குப் பின் சென்ற வருடம் ஒரு பெண் குழந்தை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஏழாம் நாள் அகீகா கொடுத்து, தலைமுடி இறக்கி, பெயர் வைத்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பின்வளவில் மாமரத்தடியில் டொமியும் ரோஸியும் சுபஹிலிருந்தே கட்டப்பட்டுக் கிடந்தன. இறைச்சி வாசம் ஒருபக்கம், அறியாத ஆட்களின் நடமாட்டம் மறுபக்கம். இரண்டும் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தன. தொட்டிலில் கிடந்த பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதது. மச்சானின் பெரியும்மா சஹனில் கைவைத்தபடியே சொன்னார்: "புள்ளப் பொறந்த ஊட்ல இன்னும் என்னத்துக்கு இந்த நாய் ரெண்டும்? கொண்டு போய் எங்கயாச்சும் உட்டுட்டு வாங்களேன்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான். ஆனால் அந்த "எங்கயாச்சும்" என்ற சொல் என் மனதில் தங்கிவிட்டது. அதற்கடுத்த நான்கு மாதங்களில் எங்கள் குடும்பம் செய்த சரிகளையும் பிழைகளையும் இங்கே எழுதுகிறேன். நான் மிருக வைத்தியருமல்ல, மௌலவியுமல்ல. பாடசாலையில் விஞ்ஞானமும் சுகாதாரமும் படிப்பிக்கிறவன். வைத்தியரிடமும் ஹஸரத்திடமும் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

முஸ்லிம் வீட்டில் நாய் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. தங்கச்சி வாழ்க்கைப்பட்டது அநுராதபுர மாவட்டத்தில் கெக்கிராவைக்கு அப்பாலுள்ள ஒரு வயற்கிராமத்தில். வயலுக்குக் காட்டுப்பன்றி வரும், சில இரவுகளில் யானை வேலியோரம் வந்து நிற்கும். ஐந்து வருடங்களுக்கு முன்னர் பக்கத்து வளவுச் சிங்களப் பெரியவர், ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். ஆண் ஒன்று, பெண் ஒன்று. அவை வீட்டுக்குள் வந்ததில்லை. வயலோரத்துக் கொட்டிலில்தான் படுக்கை. யானை வருவதை மனிதருக்கு முன்னர் அவை அறிந்து குரைத்ததால் அறுவடை தப்பிய வருடங்கள் உண்டு.

காவலுக்கும் வேளாண்மைக்கும் மந்தைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருப்பதற்கு மார்க்கத்தில் விலக்களிப்பு இருக்கிறது. இவையல்லாத காரணத்துக்காக நாய் வளர்ப்பவரின் நன்மை நாளுக்கு நாள் குறைகிறது என்று சொல்லும் ஹதீஸே இந்த விலக்களிப்பையும் சொல்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் கடுமையான நஜீஸ். ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். மாலிகி மத்ஹபின் பார்வை வேறு. காய்ந்த நாய் காய்ந்த உடுப்பில் உரசினால் நஜீஸ் ஒட்டுவதில்லை என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. நாயைக் கண்டதும் பிள்ளைகளை அலறியடித்து ஓடவைப்பது மத்ஹபில் இல்லாத ஒன்று, நாமாகப் பழக்கியது. குகைத் தோழர்களோடு ஒரு நாயும் இருந்ததை ஸூறதுல் கஹ்ஃபில் ஓதுகிறோம். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை ஜும்ஆவில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்ததும் பள்ளிவாசல் படலையில் படுத்திருக்கும் நாய்க்குக் கல்லெறிகிறோம்.

சரி, குழந்தைக்கு வருவோம்.

பெரியும்மா சொன்னது பயத்தினால். அந்தப் பயம் பொய்யல்ல. சிறுபிள்ளைகளை நாய் கடித்தால் காயம் பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் விழும், ஏனென்றால் பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. கடிப்பதும் பல வேளைகளில் தெருநாய் அல்ல, பிள்ளைக்குப் பழக்கமான நாய்தான். தொட்டிலில் கிடக்கும் மாதங்களைவிட தவழத் தொடங்கும் மாதங்கள்தான் ஆபத்து. தவழும் பிள்ளை சாப்பிடுகிற நாயின் கோப்பைக்குள் கைவிடும், தூங்குகிற நாயின் காதைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும்.

மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வந்தபோதும் மிருக வைத்தியரிடம் போனபோதும் ஒன்றையே கேட்டோம்: இரண்டையும் வைத்துக்கொண்டு பிள்ளையை வளர்க்க முடியாதா? முடியும் என்றார்கள். நாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. எவ்வளவு நல்ல நாயென்றாலும் இதற்கு விதிவிலக்கு இல்லை. நாய்க்கு மூன்று மாதத்துக்கொரு முறை பூச்சி மருந்து. எச்சத்தை அன்றன்றே அள்ளிப் புதைக்கவேண்டும், ஏனென்றால் அதிலிருக்கும் வட்டப்புழு முட்டைகள் மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வருகின்றன. அந்த மண்ணைத் தின்னும் பிள்ளைக்குக் கண்வரைக்கும் பாதிப்பு வரலாம். வருடாந்தத் தடுப்பூசி தவறக்கூடாது. பிள்ளை வைத்தியசாலையிலிருந்து வருவதற்கு முன்னரே அதன் துணியொன்றைக் கொண்டுவந்து நாய்க்கு மணம் காட்டவேண்டும். அப்புறம், நாயின் உடல் பேசுவதைப் பெரியவர்கள் படிக்கவேண்டும். வாலாட்டுகிற நாயெல்லாம் சந்தோசமான நாய் அல்ல. அசையாமல் விறைத்து நிற்பது, சும்மா இருக்கும்போது கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "என்னை விடுங்கள்" என்பதன் அடையாளம். உறுமினால் அடிக்கக்கூடாது. உறுமல் எச்சரிக்கை. அடித்து அடித்து அதை நிறுத்தினால் நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். இந்தக் கடைசி விடயம் எனக்கே புதிது.

இவற்றைச் செய்ய ஒரு வீட்டில் ஆள் வேண்டும். தங்கச்சிக்கு சிசேரியன். மச்சான் விடியற்காலை நான்கு மணிக்கு தம்புள்ளைச் சந்தைக்குப் போனால் இஷாவுக்குத்தான் வருவார். மாமிக்கு முழங்கால் வருத்தம். வயலைப் போன வருடமே குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. ஆக, காவல் என்ற காரணமும் போய்விட்டது, பார்க்கிற ஆளும் இல்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து டொமியும் ரோஸியும் பகலெல்லாம் சங்கிலியில்தான். நாள் முழுக்கக் கட்டிவைத்த நாய் மூர்க்கமாகும். அது நாயின் குற்றமல்ல.

இப்படியான நிலையில் நாய்களை இன்னொரு நல்ல இடத்துக்கு அனுப்புவதை நான் பிழையென்று சொல்லமாட்டேன். விலங்குகளை நேசிப்பவர்கள் சிலர் இதைக் கேட்டதும் "பிள்ளை வந்ததும் தூக்கி எறிந்துவிட்டார்கள்" என்கிறார்கள். பச்சை உடம்புக்காரி ஒருத்தி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் நாய்ச்சோறுமாக நிற்பதைப் பார்த்தால் அப்படிப் பேசமாட்டார்கள். முடியாததை முடியாது என்று ஒப்புக்கொள்வது, ஐந்து வருடம் சங்கிலியில் வைத்து வதைப்பதைவிட அமானிதத்துக்கு நெருக்கமானது.

ஆனால் "எங்கயாச்சும்" அப்படியல்ல.

மச்சானின் நண்பர் ஒருவர் உதவி செய்வதாகச் சொன்னார். அவருடைய பட்டா லொறி மரக்கறி ஏற்றக் கிழமைக்கு இருமுறை தூரத்துக்குப் போகிறது. இரண்டையும் உரபேக்கில் போட்டு ஏற்றிவிட்டால், போகிற வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கோ விகாரை வாசலுக்கோ பக்கத்தில் இறக்கிவிடுவாராம். "அங்க சோறு போடுவாங்க மச்சான், செத்துப் போகாது" என்றார். இது நம் சமூகத்தவர் மட்டும் செய்வதல்ல. எல்லா இனத்தவரும் செய்கிற வேலை. பெட்டைக் குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையில் வைத்துவிட்டு வருவது நம் நாட்டில் சாதாரணம். பெட்டையென்றால் வருடத்துக்கு இரண்டு ஈற்று, யாருக்கும் வேண்டாம்.

இறக்கிவிடப்பட்ட நாய்க்கு என்ன நடக்கிறது? அந்த இடத்தில் ஏற்கனவே நாய்கள் இருக்கும். அவை புதிதாக வந்ததைச் சேர்க்காது, கடித்துத் துரத்தும். துரத்தப்பட்டது வீதிக்கு ஓடும். வாகனத்தில் அடிபட்டுப் போவது ஒன்று. தப்பினால் பசியோடும் காயத்தோடும் பயத்தோடும் அலையும். பயந்த நாய்தான் கடிக்கும். முன்பென்றால் உள்ளூராட்சி சபையின் நாய்பிடி வண்டி வரும். தெருநாய்களைக் கொல்வதில்லை என்று 2006 ஆம் ஆண்டு அரசாங்கம் கொள்கையாக எடுத்தபின் அதுவும் இல்லை. பிரதேச சபைக்குச் சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று இன்றும் நினைத்திருப்பவர்கள் பழைய காலத்தில் இருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் என் வகுப்பில், எட்டாம் ஆண்டில், ஒரு மாணவனைப் பாடசாலைக்கு வரும் வழியில் நாயொன்று கடித்தது. கெண்டைக்காலில் ஆழமான கடி. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் யாரோ இரவோடிரவாக அதைப் பாடசாலை மதிலோரம் விட்டுப் போயிருந்தார்கள். காலையில் அதைக் கண்ட நான் பெடியன்களிடம் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று மட்டும் சொன்னேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கடித்தபின் நாயும் காணாமற் போய்விட்டது. நாய் அறிந்த நாயாக, தடுப்பூசி அட்டையுள்ள நாயாக இருந்தால் வைத்தியர் அதைச் சில நாட்கள் அவதானிக்கச் சொல்லி முடிவெடுக்கலாம். அறியாத நாயென்றால் ஊசிதான். அந்தப் பிள்ளையின் உம்மா கூலி வேலைக்குப் போகிறவர். ஒவ்வொரு தவணைக்கும் வேலையை விட்டுவிட்டு ஆதார வைத்தியசாலையில் வரிசையில் நின்றார். ஊசி அரச வைத்தியசாலையில் இலவசம். இழந்த நாட்கூலியை யார் கொடுப்பது?

விசர்நாய்க்கடி நோயினால் நமது நாட்டில் 1973 ஆம் ஆண்டு 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது வருடத்துக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டதுதான் முக்கிய காரணம். நோயின் குணங்குறி தெரியத் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்பது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். கடிபட்டால், ஏன் நகம் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மஞ்சள் பூசுவதும் சுண்ணாம்பு தடவுவதும் இன்னும் நம் ஊர்களில் நடக்கிறது. இங்கே இதைச் சொல்லக் காரணம், கைவிடப்படும் ஒவ்வொரு நாயும் வருடாந்தத் தடுப்பூசியிலிருந்து விடுபட்டுப்போகும் நாய். அது கடிக்கப்போவது நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். மிருகவதையைத் தடுப்பதற்கான கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. அதிலுள்ள தண்டப்பணம் நூறு ரூபாய். இன்று நூறு ரூபாய்க்கு ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும் சரியாக வருமா தெரியாது. சட்டத்துக்குப் பயந்து யாரும் நல்லபடி நடக்கப்போவதில்லை.

லொறித் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குப் பதிலாக நாங்கள் செய்ததும் பிழைதான், அதில் என் பங்கு பெரிது.

என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் உறவினருக்குப் பதினைந்து கிலோமீற்றர் தூரத்தில் கோழிப்பண்ணை. கீரித் தொல்லைக்கு ஒரு ஆண் நாய் வேண்டுமென்றார். "ஒண்ணு போனா ஒண்ணுதானே மிச்சம், அதுக்கும் ஆள் பாப்பம்" என்று நான்தான் சொன்னேன். டொமியைத் திறீவீலரில் ஏற்றிக் கொடுத்தோம். அன்றிரவு ரோஸி சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. கடப்படியில் படுத்துக்கொண்டு வீதியைப் பார்த்தது. இரவில் ஊளை. குரைத்தால் அழும் பிள்ளைக்கு இப்போது ஊளை. மாமி பயந்து ஓதி ஊதினார். மூன்றாம் நாள் வேலிக்கடியில் மண்ணைத் தோண்டி ரோஸி வெளியே போய்விட்டது. பிரதான வீதியில் பஸ்ஸொன்று பிரேக் போட்டு நின்றதால் தப்பியது. ஐந்தாம் நாள் அஸருக்குப் பின் டொமி வந்து சேர்ந்தது. கழுத்தில் அறுந்த கயிறு, ஒரு காது கிழிந்து புண்ணாகி, உள்ளங்கால் தோல் உரிந்து. வந்ததும் மனிதர் யாரையும் பார்க்கவில்லை. நேரே ரோஸியிடம் போய் அதன் பக்கத்தில் விழுந்தது. ரோஸி அந்தக் காதை நக்கிக்கொண்டே இருந்தது. தங்கச்சி பிள்ளையை மாமியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். எனக்குப் போன் எடுத்துச் சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நானா, ரெண்டையும் பிரிக்கலாமா இல்லையாண்டு யாருக்கிட்டயும் கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்கவில்லை. அதன் பிறகுதான் காதுக்கு மருந்து கட்டப் போன இடத்தில் மிருக வைத்தியரிடம் கேட்டேன்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒன்றாக வளர்ந்த எல்லா நாய்களும் பிரியமுடியாத சோடிகள் அல்ல. சிலதுக்கு மற்றது இல்லாமல் போனால் இரண்டு நாள் தேடிவிட்டுப் பழகிவிடும். சில சோடிகளில் ஒன்று மற்றதை அடக்கியே வைத்திருக்கும். அடங்கிக் கிடந்தது தனியே போன பிறகுதான் தலைநிமிரும். இரத்தம் வரச் சண்டை போடும் இரண்டைப் பாசம் என்ற பெயரில் சேர்த்து அனுப்புவது கொடுமை. வேறு சில சோடிகளில் ஒன்றின் தைரியமே மற்றதுதான். பார்வை குறைந்த அல்லது வயதான நாய், துணை நாயின் நடையைப் பின்பற்றியே வளவைச் சுற்றும். அப்படியானதைப் பிரித்தால் உணவை மறுக்கும், ஓய்வில்லாமல் நடக்கும், கதவைப் பிறாண்டும், வாயால் நீர் வடிக்கும், தப்பி ஓடும்.

எதுவென்று அறிவது எப்படி? கொடுக்கும் நாளில் அறியக்கூடாது, அதற்கு முன்னர் அறியவேண்டும். ஒன்றை வீதிக்கு நடத்திக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் மற்றதன் கண்ணில் படாமல் வைத்துப் பாருங்கள். பிறகொரு நாள் ஒரு மணித்தியாலம். பிறகு ஒரு இரவு அடுத்த வீட்டு வளவில். பிரிந்திருக்கும்போது சாப்பிடுகிறதா, படுத்துத் தூங்குகிறதா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் முனகுவது எல்லா நாய்க்கும் இயல்பு. சோற்றையும் தூக்கத்தையும் விட்டால் அது சோடி. எங்கள் இரண்டும் எதுவென்பதற்குப் பரீட்சை தேவைப்படவில்லை. விடைத்தாளே கிழிந்த காதோடு வந்து சேர்ந்தது.

குருவியின் குஞ்சுகளை எடுத்துவந்த தோழர்களிடம், தாய்க் குருவி தவித்துச் சுற்றுவதைக் கண்ட நபியவர்கள் (ஸல்) குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஹதீஸை ஹஸரத் ஞாபகப்படுத்தினார். அது தாயும் குஞ்சும், இது உடன்பிறந்தவை. நேரடி ஹுக்முக்காக அவர் அதைச் சொல்லவில்லை. வாயில்லாத ஜீவன்களுக்கும் பிரிவு தெரியும் என்பதற்காகச் சொன்னார்.

இரண்டு நாய்க்கு ஒரே வீடு தேடுவது இலேசல்ல. அரிசி விற்கிற விலையில் ஒன்றுக்குச் சோறு போடவே யோசிக்கிறார்கள். நாங்கள் தேடியது ஏழு கிழமை. அந்த ஏழு கிழமையும் இரண்டையும் வீட்டில் வைத்துச் சமாளிக்கவேண்டி இருந்தது. மச்சான் சந்தையிலிருந்து பழைய தகரமும் கம்பிவலையும் கொண்டுவந்து பின்வளவில் அடைப்பொன்று கட்டினார். சங்கிலி கழன்றதும் குரைப்பு பாதியாகக் குறைந்தது. பக்கத்து வீட்டுப் பையனொருவன் நாளுக்கு இருமுறை சோறு வைக்க ஒத்துக்கொண்டான். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

தேடும்போது நாங்கள் கற்றவை சில. "சும்மா தருகிறோம்" என்று முகநூலில் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் இருபது பேர் கேட்பார்கள். அவர்களில் பெட்டையை மட்டும் கேட்பவர் குட்டி விற்பவராக இருக்கலாம், ஆணை மட்டும் கேட்பவருக்கு வேறு நோக்கம் இருக்கலாம். அந்தப் பதிவை அன்றே அழித்தோம். மிருக வைத்தியரின் அலுவலகத்தில் சொல்லி வைத்ததுதான் பலன் தந்தது. அவருக்குத்தான் யாருடைய நாய் அண்மையில் செத்தது, யார் நல்லபடி பார்க்கிறவர் என்று தெரியும். இரண்டுக்கும் கருத்தடை செய்திருக்கவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. ரோஸிக்கு முன்னரே பிரதேச சபை நடத்திய முகாமில் செய்திருந்தோம், டொமிக்கு அப்போது செய்தோம். விசர்நாய்த் தடுப்பூசியை அரசின் பொதுச் சுகாதார மிருக வைத்திய சேவை இலவசமாகவே போடுகிறது. முகாம் எப்போது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். அட்டையைத் தொலைக்காமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. அட்டையில்லாத நாயை நல்ல வீட்டுக்காரர் ஏற்கமாட்டார்.

கடைசியில் கலேவெலப் பக்கம் ஒரு சிங்களத் தம்பதி. கணவர் புகையிரதத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஏக்கர் தென்னையும் மாவும். வளர்த்த நாய் வயதாகிச் செத்து நான்கு மாதம். மச்சானும் நானும் முதலில் நாய்கள் இல்லாமல் போய் இடத்தைப் பார்த்தோம். வேலி சரியா, தண்ணீர் இருக்கிறதா, சிறுபிள்ளைகள் வருவார்களா, இரவில் எங்கே படுக்கும் என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, "மாஸ்டர், நாங்க எங்கட மகளைக் கட்டிக் குடுத்தப்பவும் இவ்வளவு கேக்கல்ல" என்றார். பிறகு அவர் கேட்டார்: ஏன் கொடுக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது. குறையை மறைத்து மாட்டை விற்பது எப்படி மோசடியோ அப்படித்தான் இதுவும். பிள்ளை பிறந்ததைச் சொன்னோம். டொமி வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஒளியும், ரோஸி மோட்டார் சைக்கிளைத் துரத்தும், ஒன்றைப் பிரித்துக் கொடுத்து ஓடிவந்துவிட்டது, இனிப் பிரிக்கக்கூடாது என்பதையும் சொன்னோம். அம்மையார் சற்று யோசித்தார். கோழிக் கழுத்தும் காலும் போட்டு அவித்த சோறுதான் தின்னும் என்றதும், "அது இங்கயும் அதுதான்" என்றார். முதல் இரண்டு மாதத்துக்கு அரிசி நாங்கள் தருகிறோம் என்று மச்சான் சொன்னதை அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் திருப்பி எடுப்போம் என்று வாக்குக் கொடுத்தோம். அந்த வாக்கு முக்கியம். அது இல்லாவிட்டால் அடுத்த "எங்கயாச்சும்" அவர்கள் வீட்டிலிருந்து தொடங்கும்.

கொண்டுபோன விதத்தையும் சொல்கிறேன். காலை வேளை, வெறும் வயிறு, இரண்டும் ஒரே வாகனத்தில். படுத்த பழைய சாக்கைக் கழுவாமல் கொண்டுபோனோம், சோற்றுக் கோப்பைகளையும்தான். மணம் மாறாமல் இருந்தால் இடம் மாறியது பாதிதான் தெரியும். முதல் இரண்டு கிழமை அடைப்புக்குள்ளோ கயிற்றிலோ வைத்திருக்கச் சொன்னோம். அவிழ்த்துவிட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது, மூன்று கிழமையில் வீட்டின் ஒழுங்கைப் பிடிக்கும், மூன்று மாதத்தில்தான் தன் வீடென்று நினைக்கும் என்பது நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்றாம் நாள் "இது சரிவராது" என்று முடிவெடுத்துவிடக்கூடாது. நாங்களும் உடனே பார்க்கப் போகவில்லை. போனால் அவற்றுக்குத் திரும்பவும் முதல் நாள் ஆகிவிடும். போனில் மட்டும் விசாரித்தோம். இரண்டாம் நாள் ரோஸி சாப்பிட்டது, டொமி சாப்பிடவில்லை. நான்காம் நாள் இரண்டும் சாப்பிட்டன. பத்தாம் நாளிரவு வெளிச்சமில்லாத நேரம் தென்னந்தோப்புக்குள் பன்றி வந்ததைக் குரைத்துக் காட்டியதாம். அதைச் சொல்லும்போது அந்த மனிதரின் குரலில் ஒரு பெருமை.

மூன்று மாதம் கழித்துப் போனோம். தங்கச்சியும் பிள்ளையும் வந்தார்கள். பிள்ளை அப்போது தவழ்கிற பருவம். வாகனத்தை விட்டு இறக்கவில்லை. டொமி மச்சானிடம் வந்து கையை மணந்தது, வாலாட்டியது, அவரைச் சுற்றி ஓடியது. பிறகு அம்மையார் குசினிப் பக்கம் கோப்பையைத் தட்டியதும் இரண்டும் அங்கே ஓடிவிட்டன. மச்சான் சற்று நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வரும் வழியில் அதிகம் பேசவில்லை.

இதையெல்லாம் கேள்விப்பட்ட பிறகு என் பாடசாலையில் ஒருவர் வந்து கேட்டார். புத்தளம் பக்கம் அவருடைய தென்னங்காணியில் இரண்டு நாய்கள், மருமகளுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாராம். தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். பெட்டைக்குக் கருத்தடை? அதுவும் இல்லை. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, முகாம் எப்போதென்று திங்கட்கிழமையே பணிமனையில் கேளுங்கள், இரண்டையும் பத்து நிமிடம் பிரித்துவைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.